மாநில அரசு நினைத்த சட்டத்தையெல்லாம் போட்டுவிட முடியுமா?

தைப்பூசத்துக்கு உங்கள் மாநிலத்தில் லீவா? பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். கிளந்தானிலோ திரெங்கானுவிலோ வேலை பார்க்கும் ஒரு தமிழரைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கோயிலுக்குப் போகணும்னா ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எடுக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே திருவிழா, ஆனால் விடுமுறை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

2021 ஜனவரியில், தைப்பூசத்துக்கு வழக்கமாகத் தரும் சிறப்பு விடுமுறை அந்த ஆண்டு கிடையாது என்று கெடா மந்திரி பெசார் அறிவித்தார். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததைக் காரணமாகச் சொன்னார். கெடா இந்தியர்கள் மட்டுமல்ல, நாடு முழுக்கப் பலர் கோபப்பட்டார்கள். அந்த முடிவு சரியா தப்பா என்பது அரசியல் விவாதம். அதை எடுக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது சட்டக் கேள்வி. அதற்குப் பதில்: இருந்தது. மாநில விடுமுறைகள் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. வார விடுமுறையும் அப்படித்தான். ஜொகூர் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. இரண்டு முறையும் புத்ராஜெயாவின் அனுமதி தேவைப்படவில்லை.

சரி, லீவை மாற்றலாம். குற்றச் சட்டத்தை மாற்றலாமா? ஒரு குழந்தை எந்த மதம் என்று மாநிலம் முடிவு பண்ணலாமா? ஆற்றுத் தண்ணீருக்குப் பக்கத்து மாநிலத்திடம் காசு கேட்கலாமா? கடந்த சில ஆண்டுகளில் நம் நீதிமன்றங்களில் நடந்த பெரிய வழக்குகள் சில இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பற்றியவைதான்.

மூன்று பட்டியல்

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் பட்டியல் கூட்டரசுக்கு: தற்காப்பு, வெளியுறவு, போலீஸ், குடியுரிமை, சிவில் மற்றும் குற்றவியல் சட்டம், நிதி, வர்த்தகம், கல்வி, மருத்துவம், தொழிலாளர் விவகாரம். இரண்டாவது மாநிலங்களுக்கு: இஸ்லாமிய விவகாரம், நிலம், விவசாயம், காடு, ஊராட்சி மன்றங்கள், மாநில விடுமுறை. மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. சமூக நலன், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம் போன்றவை இதில் வரும். இரண்டு பக்கமும் சட்டம் போட்டு, அவை மோதினால் 75-வது விதி பதில் சொல்கிறது: கூட்டரசுச் சட்டமே நிற்கும், மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம்? அது மாநிலத்துக்குப் போகும் என்கிறது 77-வது விதி. தாராளமாகக் கொடுத்த மாதிரித் தெரியும். ஆனால் முதல் பட்டியல் அவ்வளவு நீளம், மிச்சம் மீதி என்று பெரிதாக எதுவும் இல்லை.

இந்தப் பிரிவினை வெறும் காகித விஷயம் இல்லை. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், பாடத்திட்டம், கட்டட மானியம் எல்லாம் கூட்டரசு கல்வியமைச்சு. பள்ளி நிற்கும் நிலம் மாநில விவகாரம். தோட்டம் கைமாறி, பள்ளியை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால், கோலாலம்பூரில் பணம் ஒதுக்கினாலும் மாநில அரசு நிலம் கொடுக்காமல் ஒரு கல்லும் நகராது. கோயில் நிலப் பிரச்சினையில் ஏன் நாடாளுமன்ற உறுப்பினரை விட மாநில ஆட்சிக்குழு உறுப்பினரைத் தேடிப் போகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான்.

கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவானில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்களுக்கு மாநிலச் சட்டமன்றமே கிடையாது. மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் அங்கே நாடாளுமன்றம்தான் சட்டம் போடுகிறது.

கிளந்தான் வழக்கு: என்னதான் நடந்தது?

2024 பிப்ரவரி 9. புத்ராஜெயா நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் திரண்டு தொழுகையில் இருந்தார்கள். உள்ளே, ஒன்பது நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வு, கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகள் செல்லாது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

வழக்குத் தொடுத்தவர்கள் இரண்டு முஸ்லிம் பெண்கள்: வழக்கறிஞர் நிக் எலின் சூரினா, அவருடைய மகள். 2019-இல் கிளந்தான் சட்டமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டம் 2021 நவம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. அதன் சில பிரிவுகளைப் போடவே மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அவர்களின் வாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

மாநிலப் பட்டியலில், இஸ்லாத்தின் நெறிகளுக்கு எதிராக முஸ்லிம்கள் செய்யும் குற்றங்களுக்கு மாநிலம் சட்டம் போடலாம் என்று இருக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது: கூட்டரசுப் பட்டியலில் உள்ள விஷயங்கள் நீங்கலாக. குற்றவியல் சட்டம் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. அப்போ, ஒரு செயல் எல்லா மக்களுக்கும் பொதுவான குற்றமாக இருந்தால், அதை மாநிலம் ஷரியா குற்றமாக்க முடியாது.

ரத்தான பிரிவுகளைப் பாருங்கள். பாலியல் தொந்தரவு, முறையற்ற உறவு, வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவது, பொய்யான தகவல் தருவது போன்றவை அதில் இருந்தன. இவை யார் செய்தாலும் குற்றம். இவற்றுக்குச் சட்டம் போடும் வேலை நாடாளுமன்றத்துடையது. அதனால் அந்தப் பிரிவுகள் விழுந்தன. எதிர்த்து வாதாடப்பட்ட 18 பிரிவுகளில் இரண்டு தப்பித்தன. அவை மாநில வரம்புக்குள்தான் இருக்கின்றன என்றது நீதிமன்றம். ஆகவே "மொத்தமாக அடித்துவிட்டார்கள்" என்று சமூக ஊடகத்தில் சுற்றிய செய்தி சரியில்லை. பிரிவு பிரிவாகத்தான் பார்த்தார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை வாசித்த தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட், இந்த வழக்குக்கும் இஸ்லாத்தின் நிலைக்கும் சம்பந்தம் இல்லை, மாநிலச் சட்டமன்றம் எல்லை தாண்டியதா என்பது மட்டுமே கேள்வி என்று தெளிவாகவே சொன்னார். ஷரியா நீதிமன்றங்கள் மூடப்படவில்லை. முஸ்லிம்களின் திருமணம், விவாகரத்து, வாரிசு உரிமை எதுவும் மாறவில்லை. ஒரு பாலியல் தொந்தரவு வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்பதுதான் மாறியது.

மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பையும் தள்ளிவிடக் கூடாது. சபா, சரவாக் தலைமை நீதிபதி அப்துல் ரஹ்மான் செப்லி, வழக்குத் தொடுத்தவர்களுக்கு அந்தத் தகுதியே இல்லை என்றார். அவர்கள் மேல் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு எதுவும் இல்லையே, பிறகு எப்படி வந்து கேட்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. மற்ற எட்டுப் பேர் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட வழக்கை நேரடியாகக் கூட்டரசு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக 4(4) விதி வழி விடுகிறது. அதற்கு முதலில் அந்த நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அனுமதி தர வேண்டும். இந்த அனுமதி நிக் எலினுக்கு 2022-இல் கிடைத்தது. அந்த நுழைவாயில் சிறியது. ஆனால் சாதாரணக் குடிமகனும் நுழையலாம் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

இந்தப் பாதை புதியதும் இல்லை. 2021 பிப்ரவரி 25-இல் இக்கி புத்ரா முபாராக் வழக்கில், சிலாங்கூர் ஷரியா குற்றச் சட்டத்தின் 28-வது பிரிவை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். இயற்கைக்கு மாறான உறவு குறித்த அந்தக் குற்றம் ஏற்கெனவே கூட்டரசின் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. கிளந்தான் தீர்ப்பு அந்தக் கல்லின் மேல் வைத்த அடுத்த கல்.

தண்டனையிலும் ஓர் எல்லை இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு ஷரியா நீதிமன்றங்கள் (குற்றவியல் அதிகார வரம்பு) சட்டத்தின்படி அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி. மலாய் நாளிதழ்கள் "356" என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். கிளந்தான் 1993-இல் ஹுடுட் சட்டத்தை நிறைவேற்றியது, 2015 மார்ச்சில் திருத்தியும் நிறைவேற்றியது. கைதட்டல் கிடைத்தது, ஆனால் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. ஏனென்றால் அதில் சொன்ன தண்டனைகளை விதிக்கும் அதிகாரத்தைக் கூட்டரசுச் சட்டம் கொடுக்கவில்லை. அந்த 356 எல்லையை உயர்த்த வேண்டும் என்று 2016-இல் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங் நாடாளுமன்றத்துக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மாநிலத்தில் ஆட்சி கையில் இருந்தும் ஏன் நாடாளுமன்றம் போனார்? சாவி அங்கேதான் இருக்கிறது. அந்த மசோதா நிறைவேறவில்லை.

அப்போ புத்ராஜெயா எப்போதும் ஜெயிக்குமா?

இல்லை. கோடு இரண்டு பக்கமும் வெட்டும். 1983-இல் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தில் 298ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மதத்தின் பேரில் பிளவு உண்டாக்குவதைக் குற்றமாக்கும் பிரிவு அது. 1988-இல் மாமாட் டாவுட் வழக்கில் அப்போதைய உச்ச நீதிமன்றம் அதை 3-க்கு 2 என்ற கணக்கில் செல்லாது என்றது. பெயரில் பொது ஒழுங்குச் சட்டமாக இருந்தாலும், உள்ளே பார்த்தால் அது இஸ்லாமிய விவகாரம், அதற்குச் சட்டம் போடுவது மாநிலங்களின் வேலை என்பது பெரும்பான்மையின் முடிவு. சட்டத்தின் தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார் என்ற அதே அளவுகோல்தான். அன்றைக்கு அது மாநிலங்களைக் காப்பாற்றியது. கிளந்தான் தீர்ப்பைக் கூட்டரசின் சதி என்று சொன்னவர்கள் இந்த வழக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சொந்தப் பட்டியலுக்குள்ளேயும் ஒரு வேலி

இதுவரை பார்த்தது "இது உன் வேலை இல்லை" என்ற தடை. இன்னொரு தடை இருக்கிறது: உன் வேலைதான், ஆனாலும் இப்படிச் செய்யக் கூடாது. அரசியலமைப்புச் சட்டமே நாட்டின் தலையாய சட்டம் என்கிறது 4(1) விதி. மாநிலம் தன் பட்டியலுக்குள் நின்று போட்ட சட்டமும், குடிமக்களின் அடிப்படை உரிமைகளுடன் மோதினால் நிற்காது.

நம் சமூகத்துக்கு இது ஏட்டுச் சட்டம் இல்லை. பேராக்கைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை, இஸ்லாத்துக்கு மாறிய கணவர், தாயின் சம்மதம் இல்லாமலேயே மதம் மாற்றினார். அந்தத் தாய் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் செய்தியில் பார்த்து வளர்ந்தோம். 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பாகச் சொன்னது: 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மதத்தை மாற்ற தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும்.

இங்கே சிக்கல் ஒற்றைச் சொல்லில் இருந்தது. 12(4) விதியின் ஆங்கில வாசகத்தில் பெற்றோர் என்பது ஒருமையில் இருக்கிறது. மலாய் வாசகத்தில் "ஈபு அத்தாவ் பாப்பா", அதாவது தாய் அல்லது தந்தை. அப்போ ஒருவர் போதுமே என்று வாதாடினார்கள். நீதிமன்றம் அகராதியோடு நிற்கவில்லை. இருவரும் உயிரோடு இருந்து, இருவருக்கும் பிள்ளை மேல் சம உரிமை இருக்கும்போது ஒருவரை ஒதுக்கிவிட முடியாது என்றது.

தீர்ப்பு வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. பெர்லிஸ் மாநிலச் சட்டத்தின் 117(b) பிரிவு பெற்றோரில் ஒருவரின் சம்மதமே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தன் மூன்று பிள்ளைகளும் தனக்குத் தெரியாமல் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து ஒரு தாய் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் அந்த மதமாற்றத்தையும் செல்லாது என்றது, அந்தப் பிரிவும் அரசியலமைப்புக்கு முரண் என்றது. பெர்லிஸ் தரப்பு மேலே போக அனுமதி கேட்டது. அதே ஆண்டு மே 14-இல் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இஸ்லாமிய நிர்வாகம் மாநிலத்தின் பட்டியலில்தான் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தாயின் உரிமையைத் தாண்டிப் போக அனுமதி தருவதில்லை.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடலாம். தீர்ப்பு வந்த பிறகும் சில மாநிலச் சட்டங்களில் பழைய வாசகம் அப்படியே கிடப்பது நல்ல நிர்வாகம் இல்லை. அடுத்த குடும்பம் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது.

தண்ணீரும் காசும்

மூடா ஆறு கெடாவில் பிறந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. 2020-இலிருந்து கெடா ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்டது. காட்டை வெட்டாமல் காப்பாற்றுவதால்தான் ஆறு ஓடுகிறது, மரத்தை வெட்டியிருந்தால் எங்களுக்கு வருமானம் என்பது கெடாவின் நியாயம். எல்லையில் ஓடும் ஆற்றில், எங்கள் கரையிலிருந்து எடுக்கிறோம், எதற்குக் காசு என்பது பினாங்கின் நியாயம்.

பட்டியலைத் திறந்தால் ஒரு சுவாரஸ்யம். ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு மாநிலத்துடையது. முழுவதும் ஒரு மாநிலத்துக்குள் அடங்காத ஆறு, சம்பந்தப்பட்ட மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தால் தவிர, கூட்டரசுப் பட்டியலில் வருகிறது. குழாய்த் தண்ணீர் விநியோகமோ 2005-இல் செய்த திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. ஆக ஒரே தண்ணீருக்கு மேலே காடு மாநிலம், நடுவே ஆறு கூட்டரசு, கீழே குழாய் இருவருக்கும்.

கெடா ஏன் இவ்வளவு காசு காசு என்கிறது? வருமான வரி, விற்பனை வரி, சுங்க வரி எல்லாம் புத்ராஜெயாவுக்குப் போகிறது. மாநிலத்துக்கு மிஞ்சுவது நில வரி, காடு, சுரங்கம், கேளிக்கை வரி போன்றவை. கடன் வாங்கலாமா என்றால், 111-வது விதி கையைப் பிடிக்கிறது: கூட்டரசிடம் வாங்கலாம், இல்லாவிட்டால் கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கியிடம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு. மாநிலங்கள் ஏன் நிலத்தையும் காட்டையும் விற்றுக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சபா, சரவாக் மட்டும் ஏன் வேறு மாதிரி?

கூச்சிங் விமான நிலையத்தில் மைகார்டை நீட்டி, 90 நாள் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறீர்களா? சொந்த நாட்டுக்குள் குடிநுழைவுச் சோதனை. 1963-இல் மலேசியா உருவானபோது இந்த இரண்டு மாநிலங்களும் சில பாதுகாப்புகளோடு சேர்ந்தன, அதில் இதுவும் ஒன்று. அவற்றுக்கு மாநிலப் பட்டியலில் கூடுதல் விஷயங்கள் உண்டு. மாநில விற்பனை வரி போடலாம். சரவாக் எண்ணெய்ப் பொருள்களுக்கு அந்த வரியைப் போட்டு, பெட்ரோனாசோடு நீதிமன்றம் வரை போய், 2020 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது. இந்தப் பாதுகாப்புகளை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மாற்ற நினைத்தாலும், அந்த மாநில ஆளுநரின் சம்மதம் இல்லாமல் முடியாது என்கிறது 161இ விதி.

தீபகற்ப மாநிலங்களுக்கு அந்தக் கவசம் இல்லை. மலேசியா உருவாவதற்கே எங்கள் சம்மதம் வேண்டும் என்று கிளந்தான் 1963 செப்டம்பர் 10-இல் வழக்குப் போட்டது. மலேசியா தினத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, செப்டம்பர் 14-இல், தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன் அந்தக் கோரிக்கையை நிராகரித்தார். நாடாளுமன்றம் தன் அதிகாரத்துக்குள்தான் செயல்பட்டது, ஒவ்வொரு மாநிலத்தையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர் முடிவு. 1977-இல் அதே கிளந்தானில் அரசியல் நெருக்கடி வந்தபோது அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டு, மாநில நிர்வாகம் கூட்டரசின் கைக்குப் போனது. அவசரகாலத்தில் நாடாளுமன்றம் மாநிலப் பட்டியலுக்குள்ளும் நுழையலாம். ஆனால் அப்போதும் இஸ்லாமியச் சட்டத்தையும் மலாய் வழக்கத்தையும் தொட முடியாது.

இனி என்ன?

மாநிலச் சட்டமன்றங்களின் அதிகார வரம்பை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி ஸாக்கி அஸ்மி தலைமையில் ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. கிளந்தான் தீர்ப்புக்குப் பிறகு, மாநிலங்களுக்கு இன்னும் அதிகாரம் தரும்படி அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்ற குரல் பலமாகக் கேட்கிறது. வேண்டாம் என்ற குரலும் இருக்கிறது. திருத்த வேண்டுமென்றால் 222 இடங்கள் கொண்ட மக்களவையில் குறைந்தது 148 பேர் கை தூக்க வேண்டும், பிறகு மேலவையிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு. அந்த 148-இல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் தொகுதியும்தான். மாநிலத் தேர்தலில் நீங்கள் போடும் ஓட்டு அந்த எண்ணிக்கையில் வராது.